கூரை இழந்த தேவாலயங்களும் குடிபுகும் கலைகளும்

பிரித்தானியப் பாராளுமன்றத்திலிருந்து சில நிமிடங்கள் நடந்தால் சிமித் சதுக்கத்தை அடையலாம். அந்நாட்டு அரசியல் செய்திகளைத் தொடர்ந்து படித்து வந்தவர்களுக்கு இந்தப் பெயர் புதியதல்ல. கன்சர்வேட்டிவ் கட்சியின் தலைமையகம் 1958 முதல் 2004 வரை இங்கேதான் இருந்தது. தொழிற்கட்சியின் தலைமையகமும் நெடுங்காலம் இதே சதுக்கத்தில், டிரான்ஸ்போர்ட் ஹவுஸ் என்ற கட்டடத்திலிருந்து இயங்கியது. இரண்டு கட்சிகளும் இடம் மாறிவிட்டன. சதுக்கத்தின் நடுவே நான்கு மூலைகளிலும் நான்கு கோபுரங்களுடன் நிற்கும் கட்டடம் மட்டும் இடம் மாறவில்லை. புனித யோவானின் பெயர் தாங்கிய அந்தக் கட்டடம் 1728 இல் தேவாலயமாக நிறைவுபெற்றது. 1941 இல் எரிந்தது. 1969 இல் இசை மண்டபமாக மீண்டும் திறக்கப்பட்டது.

வழிபாட்டுக்கென்று எழுப்பப்பட்ட ஒரு கட்டடத்துக்கு வழிபடுவோர் இல்லாமற் போனால், அல்லது வழிபடுவோர் இருந்தும் கட்டடம் இல்லாமற் போனால், என்ன செய்வது என்ற கேள்வி ஐரோப்பாவுக்கு மாத்திரம் உரியதல்ல. போரும் புலப்பெயர்வும் ஊர்களை வெறுமையாக்கிய நமக்கும் அது உரியது. இக்கேள்விக்கு இலண்டன் கண்டுகொண்ட விடைகளில் ஒன்றே சிமித் சதுக்கத்து மண்டபம். தேவாலயமொன்றைக் கலைமண்டபமாக்குவதை மதத்தின் தோல்வி என்று வருந்துவோரும் உளர். கலையின் வெற்றி என்று கொண்டாடுவோரும் உளர். இரு சாராரும் அவசரப்படுகின்றனர் என்பதே எனது கருத்து. அந்த மாற்றத்தை யார் தீர்மானித்தார்கள், மாறிய பின்னர் கதவு யாருக்குத் திறந்திருக்கிறது, பழைய நினைவில் எது பேணப்பட்டது என்ற மூன்றையும் கேட்காமல் அதனை நல்லதென்றோ கெட்டதென்றோ சொல்லிவிட முடியாது.

முதலில் அந்தக் கட்டடத்தின் கதையைப் பார்ப்போம். பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலண்டன் மாநகரம் வேகமாக விரிந்துகொண்டிருந்தது. பெருகிய மக்களுக்குப் போதிய தேவாலயங்கள் இல்லை என்று கருதிய பாராளுமன்றம் 1711 இல் சட்டமொன்றை இயற்றி, ஐம்பது புதிய தேவாலயங்களைக் கட்டுவதற்கு ஆணைக்குழு ஒன்றை நியமித்தது. இதற்கான பணம் இலண்டனுக்கு வரும் நிலக்கரி மீதான வரியிலிருந்து பெறப்பட்டது. ஐம்பது என்று திட்டமிட்டாலும் கட்டி முடிக்கப்பட்டவை ஏறத்தாழ ஒரு டசின் மட்டுமே. அரசாங்கத் திட்டங்கள் எக்காலத்திலும் எந்நாட்டிலும் ஒரே மாதிரித்தான் இருக்கின்றன போலும். கட்டப்பட்ட சிலவற்றுள் ஒன்று கட்டடக் கலைஞர் தோமஸ் ஆச்சர் வடிவமைத்த சிமித் சதுக்கத் தேவாலயம்.

ஆன் மகாராணியிடம் தேவாலயம் எப்படி இருக்கவேண்டும் என்று கேட்டபோது அவர் தமது கால்வைக்கும் முக்காலியை உதைத்துக் கவிழ்த்து, இப்படி இருக்கட்டும் என்றாராம். தலைகீழாகக் கிடந்த முக்காலியின் கால்களே நான்கு கோபுரங்களாயின என்பது இலண்டன்வாசிகள் சொல்லிவரும் கதை. உண்மை எப்படியோ, "ஆன் மகாராணியின் கால்மணை" என்ற பட்டப்பெயர் நிலைத்துவிட்டது. எல்லோருக்கும் அந்த வடிவம் பிடித்திருக்கவில்லை. சார்ள்ஸ் டிக்கன்ஸ் தமது நாவலொன்றில் இதனை அவலட்சணமான கட்டடம் என்றே எள்ளி நகையாடினார். இன்று அதே கட்டடம் இங்கிலாந்தின் பரோக் பாணிக்குச் சிறந்த எடுத்துக்காட்டுகளில் ஒன்றாக, சட்டப் பாதுகாப்பின் அதியுயர் தரத்தில் வைக்கப்பட்டிருக்கிறது. ஒரு தலைமுறை அழகில்லை என்று ஒதுக்குவதை இன்னொரு தலைமுறை அரும்பொருள் எனப் போற்றும். பழைய கட்டடம் ஒன்றை இடிப்பதா வைத்திருப்பதா என்று தீர்மானிக்க அமர்வோர் மறக்கக்கூடாத பாடம் இது.

இக்கட்டடத்தை அழிவு பலமுறை தேடி வந்தது. 1742 இல் தீயினால் உட்புறம் சேதமடைந்தது. 1914 இல் பெண்களுக்கு வாக்குரிமை கோரிப் போராடியோர் வைத்த குண்டொன்று இங்கே வெடித்தது. இறுதியாக 1941 மே 10 ஆம் திகதி இரவு ஜேர்மனிய விமானங்கள் வீசிய தீக்குண்டில் கூரையும் உட்புறமும் முற்றாக எரிந்து, சுவர்களும் கோபுரங்களும் தூண்களும் மட்டும் எஞ்சின. பாராளுமன்றத்தின் பொதுச்சபை மண்டபம் அழிந்ததும் அதே இரவில்தான். பொதுச்சபை மண்டபம் 1950 இல் மீண்டெழுந்தது. தேவாலயமோ இருபது ஆண்டுகளுக்கு மேலாக மழையில் நனைந்துகொண்டு வானத்தைப் பார்த்தபடி நின்றது.

போரில் அழிந்த தேவாலயங்களை இலண்டன் ஒரே விதமாகக் கையாளவில்லை என்பதை இங்கு குறிப்பிடவேண்டும். சில இடிக்கப்பட்டன. கிழக்குப் புறத்துப் புனித டன்ஸ்டன் தேவாலயத்தின் இடிபாடுகளுக்கிடையே மரஞ்செடிகள் நடப்பட்டுப் பொதுப் பூங்காவாக்கப்பட்டது. பத்திரிகையாளர்களின் தேவாலயம் எனப் பெயர்பெற்ற ஃபிளீட் வீதிப் புனித பிரைட் தேவாலயம் 1940 டிசெம்பர் இறுதியில் எரிந்தது. அதன் இடிபாடுகளின் கீழ் அகழ்ந்தபோது உரோமர் காலத்துத் தடயங்கள் வெளிப்பட்டன. 1957 இல் அது தேவாலயமாகவே மீண்டும் அர்ப்பணிக்கப்பட்டது. கொவென்ட்ரி நகரில் பழைய பேராலயத்தின் எரிந்த சுவர்களை நினைவுச் சின்னமாக விட்டுவிட்டு, அதன் அருகிலேயே புதிய பேராலயத்தைக் கட்டி 1962 இல் திறந்தார்கள். எரிந்த யாழ்ப்பாணப் பொது நூலகத்தை அப்படியே நினைவுச் சின்னமாக விடுவதா, மீளக் கட்டுவதா என்று நம்மிடையே நடந்த விவாதத்தை நினைவில் வைத்திருப்போருக்கு இந்த வேறுபாடுகளின் பொருள் நன்கு விளங்கும்.

சிமித் சதுக்கத்தில் நடந்தது இன்னொரு வழி. அப்பகுதியில் குடியிருப்போர் தொகை குறைந்து அலுவலகங்கள் பெருகிவிட்டன. தேவாலயமாகவே மீளக் கட்டினால் அதில் அமர்வதற்குச் சபை இல்லை. இடித்துவிட்டால் நகரத்தின் அரிய கட்டடம் ஒன்று போய்விடும். இந்த நிலையில் 1960 களின் தொடக்கத்தில் பார்க்கர் சீமாட்டி முன்னின்று ஆர்வலர்களைத் திரட்டி நிதி சேகரித்தார். அறக்கட்டளை ஒன்றின் பொறுப்பில், கட்டடக் கலைஞர் மார்ஷல் சிசனின் மேற்பார்வையில், ஆச்சரின் மூல வடிவத்தைத் தழுவிப் புனரமைப்பு நடைபெற்றது. 1969 ஒக்டோபர் 6 ஆம் திகதி அவுஸ்திரேலியப் பாடகி ஜோன் சதர்லண்ட் பாட, மண்டபம் திறந்துவைக்கப்பட்டது. பின்னர் பிபிசி வானொலியின் மதிய நேரக் கச்சேரிகள் பல்லாண்டு காலம் இங்கிருந்து ஒலிபரப்பாயின. வேலைக்குப் போகும் வழியில் அந்தக் கட்டடத்தைக் கண்டிராத இலட்சக்கணக்கானோர் அதனைக் காதால் அறிந்தார்கள்.

தேவாலயம் இசை மண்டபமாவதற்கு ஏற்றதாக இருப்பது தற்செயலானதல்ல. உயர்ந்த கூரையும் கற்சுவர்களும் குரலை உடனே விழுங்கிவிடாமல் சிறிது நேரம் தாங்கி வைத்திருந்து திருப்பித் தருகின்றன. கூட்டாகப் பாடும் பாடல்களும் வில் வாத்தியங்களும் ஓர்கனும் அந்த எதிரொலியை எதிர்பார்த்தே வளர்ந்த கலைகள். ஆனால் அதே எதிரொலி பேச்சைக் குழப்பும். மிருதங்கத்தின் விரைவான சொற்கட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கலங்கிப்போகும். ஆகவே தேவாலயம் எதுவாயினும் எல்லாக் கலைக்கும் ஏற்றது என்று கருதுவது தவறு. எந்தக் கலை அங்கே குடிபுகப்போகிறது என்பதை முதலில் அறிந்துகொண்டு கட்டடத்தைத் திருத்தவேண்டும். இதைப் பிறகு மீண்டும் சொல்ல வேண்டியிருக்கும்.

இந்த மாற்றத்தில் பேணப்பட்டவை எவை? வெளிப்புற வடிவம் பேணப்பட்டது. 1993 இல் புதிய ஓர்கன் பொருத்தப்பட்டபோது அது பதினெட்டாம் நூற்றாண்டின் மரப்பேழை ஒன்றினுள் அமைக்கப்பட்டது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகப் புனித யோவானின் பெயர் அகற்றப்படாமலே இருந்தது. 2021 இல் மண்டபம் இளம் இசைக் கலைஞர்களைப் பயிற்றும் இசைக்குழு ஒன்றுடன் இணைந்தது. அண்மைக் காலத்தில் சிமித் சதுக்க மண்டபம் என்ற பெயர் முன்னுக்கு வந்துவிட்டது. கட்டடம் மாறியபோது மாறாத பெயர், நிர்வாகம் மாறும்போது மாறுகிறது. பெயர் சிறிய விடயமல்ல. அந்த இடத்தில் முன்னர் என்ன இருந்தது என்பதைப் புதிதாக வருபவருக்குச் சொல்லும் முதற் சாட்சி அதுவே.

இனி, எதிர்ப்பவர்களின் வாதத்துக்கு வருவோம். திருமணம் நடந்த இடம், குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்த இடம், இறந்தவர்களைப் புதைத்த இடம். அங்கே நுழைவுச்சீட்டு விற்பதும் இடைவேளையில் மது பரிமாறுவதும் முறையா என்று நம்பிக்கையாளர் ஒருவர் கேட்டால், அவரைப் பழைமைவாதி என்று தள்ளிவிட முடியாது. அந்த வலி உண்மையானது. அதனால்தான் இங்கிலாந்துத் திருச்சபை இதனைத் தனியொருவரின் விருப்பத்துக்கு விட்டுவிடவில்லை. 1968 இல் வந்த சட்ட ஏற்பாட்டின்படி, தேவாலயம் ஒன்றை மூடுவதென்றால் அந்தத் திட்டத்தின் வரைவு பகிரங்கப்படுத்தப்பட வேண்டும். அப்பகுதி மக்கள் எழுத்தில் ஆட்சேபிக்கலாம். விற்கும்போது புதைக்கப்பட்டோரின் எச்சங்களைக் குலைக்கக்கூடாது என்பது போன்ற நிபந்தனைகளை விதிக்கலாம். 1969 இலிருந்து இங்கிலாந்துத் திருச்சபை ஏறத்தாழ 2,000 தேவாலயங்களை மூடியிருக்கிறது. அவற்றில் 350 க்கும் மேற்பட்டவற்றை, வேறு பயன் கிடைக்காவிட்டாலும் அவற்றின் அருமை கருதி, இதற்கென அமைந்த அறக்கட்டளை ஒன்று பராமரிக்கிறது. எஞ்சியவை வீடுகளாகவும் அலுவலகங்களாகவும் வேறு சமயத்தவரின் ஆலயங்களாகவும் மாறின, சில இடிக்கப்பட்டன. பிரித்தானியாவில் மதுச்சாலைகளாக மாறிய தேவாலயங்களும் உள்ளன.

இந்தப் பட்டியலைப் பார்க்கும்போது ஒன்று புலப்படுகிறது. செல்வந்தர் ஒருவரின் வசிப்பிடமாக மாறிய தேவாலயத்தின் கூரை ஒழுகாது, சுவர் இடியாது. ஆனால் அதன் கதவு ஊருக்கு மூடப்பட்டுவிடும். கட்டடம் காப்பாற்றப்பட்டது, இடம் பறிபோனது என்றே அதைச் சொல்லவேண்டும். கலைமண்டபமாக மாறிய தேவாலயத்தில் ஊரார் இன்னும் கூடுகிறார்கள். வரிசையாக அமர்ந்து ஒரே திசையை நோக்கிச் சிறிது நேரம் அமைதியாக இருக்கிறார்கள். வழிபாட்டுக்கு அது ஈடாகாது. ஆனால் கட்டடம் கட்டப்பட்ட நோக்கத்துக்கு ஏனைய மாற்றங்களைவிட அது அண்மையில் நிற்கிறது. இலண்டன் இஸ்லிங்டனில் 1877 இல் திறக்கப்பட்ட யூனியன் சாப்பல் இன்னும் ஒருபடி மேலே போனது. 1980 களில் இடிபடவிருந்த அது, இசை நிகழ்ச்சிகளால் தன்னைக் காப்பாற்றிக்கொண்டது. அங்கே சபையும் கலைந்துவிடவில்லை. வழிபாடும் கச்சேரியும் ஒரே கூரையின் கீழ் நடைபெறுகின்றன.

நமது மக்களுக்கும் இந்த அனுபவம் புதியதல்ல. பம்பாயில் கே.எம். முன்ஷி 1938 இல் நிறுவிய பாரதிய வித்யா பவனின் இலண்டன் கிளை 1972 இல் தொடங்கப்பட்டது. பின்னர் மேற்கு கென்சிங்டனில் பழைய தேவாலயக் கட்டடம் ஒன்றை அது வாங்கியது. 1978 இல் அப்போதைய பிரதமர் ஜேம்ஸ் கலகன் அதனைத் திறந்துவைத்தார். கர்நாடக இசையும் வீணையும் மிருதங்கமும் பரதநாட்டியமும் அங்கே கற்பிக்கப்பட்டு வருகின்றன. ஈழத்திலிருந்து பெயர்ந்து சென்றோரின் பிள்ளைகளுட் பலர் சலங்கை கட்டி ஆடக் கற்றுக்கொண்டது ஒருகாலத்தில் கிறிஸ்தவர் முழந்தாளிட்ட கட்டடத்தில் என்பதை எண்ணிப் பார்க்கவேண்டும். வேறொரு சமூகம் விட்டுச்சென்ற இடம் நமக்குக் கிடைத்தபோது, அதனைப் புனிதம் கெட்டது என்று நாம் நினைக்கவில்லை. இடம் கிடைத்ததே என்று நன்றியுடன் ஏற்றுக்கொண்டோம். ஆகவே இந்த விவாதத்தில் வெளியில் நின்று தீர்ப்புச் சொல்லும் உரிமை நமக்கில்லை. நாம் பயன் பெற்றவர்கள்.

பயன் பெற்றவர்களுக்குக் கடமையும் உண்டு. அந்தக் கடமை நம்மை யாழ்ப்பாணக் கோட்டைக்கு அழைத்துச் செல்கிறது.

1658 இல் போர்த்துக்கீசரிடமிருந்து யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், கோட்டையை ஐங்கோண வடிவில் திருத்தி அமைத்தனர். அதனுள்ளே 1706 இல் சிலுவை வடிவான தேவாலயம் ஒன்றைக் கட்டினர். சம நீளமான நான்கு கைகளையுடைய அந்த வடிவம் காரணமாகவே அது ஒல்லாந்த மொழியில் சிலுவைத் தேவாலயம் எனப்பட்டது. காலியில் உள்ள ஒல்லாந்தர் தேவாலயத்துக்கும் கொழும்பு வுல்வெண்டால் தேவாலயத்துக்கும் அரை நூற்றாண்டு மூத்தது அது. தென்னிலங்கையின் அந்த இரண்டிலும் இன்றும் ஆராதனை நடக்கிறது. யாழ்ப்பாணத்துத் தேவாலயம் கற்குவியலாகிவிட்டது. 1990 ஜூன் முதல் செப்டெம்பர் வரையிலான முற்றுகையும் குண்டுவீச்சும் அதன் பின்வந்த இடிப்புகளும் சேர்ந்து அதனை முடித்துவைத்தன. எந்தச் சுவரை யார் வீழ்த்தினார் என்ற கணக்கு எழுதுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. தரையிலே பதிக்கப்பட்டிருந்த கல்லறைக் கற்களின் வாசகங்களை ஜே.பி. லூயிஸ் திரட்டி 1913 இல் நூலாக வெளியிட்டிருந்தார். கல் உடைந்தாலும் எழுத்து மிஞ்சியது. பதிவு செய்வதன் பெறுமதியை இதைவிட எடுத்துக்காட்ட வேண்டியதில்லை.

போர் முடிந்த பின்னர் நெதர்லாந்து அரசாங்கத்தின் உதவியுடன் கோட்டை மதில்களின் புனரமைப்பு மேற்கொள்ளப்பட்டது. கோட்டைக்குள் நடந்த அகழ்வுகள் ஐரோப்பியர் வருவதற்கு நெடுங்காலம் முன்னரே அவ்விடம் கடல் வணிகத்தில் பங்கெடுத்திருந்ததைக் காட்டின. ஃபிளீட் வீதித் தேவாலயத்தின் அடியில் உரோமர் வெளிப்பட்டது போல, ஒல்லாந்தர் கோட்டையின் அடியில் நமது பழைய துறைமுகம் வெளிப்பட்டது எனலாம். இன்று கோட்டை உல்லாசப் பயணிகள் வந்து போகும் இடம். மாலையில் நகர மக்கள் மதிலின் மேல் காற்று வாங்குகிறார்கள். தேவாலயம் நின்ற இடத்தில் என்ன செய்வது என்பதில் மட்டும் பொது உரையாடல் ஏதும் நடைபெறவில்லை.

ஒல்லாந்தர் நமது நாட்டை அடக்கி ஆண்டவர்கள். கத்தோலிக்கரையும் சைவரையும் ஒடுக்கியவர்கள். அவர்களுடைய தேவாலயம் இடிந்தால் நமக்கென்ன என்று சிலர் கேட்கக்கூடும். இந்தக் கேள்வியில் வரலாற்று நியாயம் உண்டு. ஆனால் அந்தப் பவளக் கற்களைக் கடலிலிருந்து தோண்டி எடுத்துச் சுமந்தவர்கள் ஒல்லாந்தர் அல்லர். நமது முன்னோரின் வியர்வை ஊறிய கட்டடம் நமது வரலாற்றுக்குரிய கட்டடமே. ஆண்டவர்கள் கட்டியதை அழித்துவிட்டால், ஆளப்பட்டோம் என்பதற்கான சாட்சியமும் அழிந்துபோகும்.

மக்களின் காணிகள் முழுமையாக விடுவிக்கப்படாத நாட்டில், காணாமற் போனோரின் உறவினர் வீதியோரத்தில் அமர்ந்திருக்கும் நாட்டில், பழைய தேவாலயமா முக்கியம் என்பது இரண்டாவது ஆட்சேபம். இது மேலும் கனமானது. என் விடை இதுதான்: காணியும் நீதியும் முதலில் வரவேண்டும், அதில் விவாதத்துக்கு இடமில்லை. அதற்குச் செல்லவேண்டிய ஒரு ரூபாவைக்கூடத் தேவாலயத்துக்குத் திருப்பக்கூடாது. ஆனால் நாம் பேசாமல் இருப்பதால் அந்த இடம் அப்படியே இருந்துவிடப் போவதில்லை. கொழும்பிலோ வெளிநாட்டிலோ அமர்ந்திருக்கும் யாரோ ஒருவர் அதற்கும் ஒரு திட்டம் வரைவார். விருந்துபசார மண்டபம், திருமணப் படப்பிடிப்புத் தளம், தங்குவிடுதி என்று அது எதுவாகவும் இருக்கலாம். அறிவித்தல் பலகை நட்ட பின்னர் நாம் எழுப்பும் குரலுக்கு மதிப்பு இருக்காது.

ஒல்லாந்தரின் தாயகத்தில் என்ன நடந்தது என்பதையும் நோக்கலாம். மாஸ்ட்ரிக்ட் நகரில் 1294 இல் அர்ப்பணிக்கப்பட்ட தொமினிக்கன் தேவாலயம் பிரெஞ்சுப் படையெடுப்பின் பின்னர் வழிபாட்டை இழந்து, களஞ்சியமாகவும் சைக்கிள் தரிப்பிடமாகவும் பயன்பட்டு, 2006 இல் புத்தகக் கடையாக மாறியது. ஆம்ஸ்டர்டாமில் 1880 இல் நிறைவுற்ற தேவாலயக் கட்டடம் ஒன்று 1968 இல் பரடைஸோ என்ற பெயரில் இளைஞர்களின் இசைக் கூடமாயிற்று. அதே நகரின் புதிய தேவாலயம் எனப்படும் பழைய தேவாலயத்தில் கண்காட்சிகள் நடக்கின்றன. 1980 இலும் 2013 இலும் நாட்டின் முடிக்குரியோர் பதவியேற்றதும் அங்கேயே. ஒரு நாடு மூன்று கட்டடங்களுக்கு மூன்று விதமான வாழ்வு கொடுத்திருக்கிறது. மூன்றையும் அந்தந்த நகரத்தவர் தமக்குரியதாகக் கொண்டாடுகிறார்கள். யாழ்ப்பாணத்துக்கு உதவ வரும் நெதர்லாந்தினரிடம் நாம் பெறவேண்டியது பணத்தை மட்டுமன்று. இந்த அனுபவத்தையும் கேட்டுப் பெறவேண்டும்.

ஆயினும் இலண்டனையோ ஆம்ஸ்டர்டாமையோ பிரதி செய்வது நமக்குப் பொருந்தாது. கூரை போட்டு, குளிரூட்டி பொருத்தி, இன்னொரு மூடிய மண்டபம் கட்டுவது யாழ்ப்பாணத்துக்குத் தேவையில்லை. இந்திய அரசாங்கத்தின் உதவியுடன் பொது நூலகத்தின் அருகே கட்டப்பட்ட கலாசார மத்திய நிலையம் 2023 இல் கையளிக்கப்பட்டது. நவீன அரங்கு அங்கே இருக்கிறது. அதனை நடத்துவதற்கான செலவை யார் ஏற்பது என்ற கேள்வி கட்டடம் திறக்கப்படுவதற்கு முன்பே எழுந்தது. 2025 ஜனவரியில் ஊராரைக் கேளாமல் பெயர் மாற்றப்பட்டபோது, யாழ்ப்பாணம் என்ற சொல்லே காணாமற் போனது கண்டு மக்கள் கொதித்தார்கள்; பின்னர் அச்சொல் மீண்டும் சேர்க்கப்பட்டது. கட்டடம் எழுப்புவது சுலபம், அதனை நடத்துவதும் அது யாருடையது என்பதில் இணக்கம் காண்பதுமே கடினம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

எனவே எனது முன்மொழிவு எளிமையானது. இடிபாட்டை இடிபாடாகவே விடுங்கள். ஆனால் மேலும் சிதையாதபடி உறுதிப்படுத்துங்கள். புதுக் கல் வைத்துப் பழைய தேவாலயம் போல் ஒன்றைக் கட்டி, நடந்தது எதுவும் நடக்காதது போலக் காட்டாதீர்கள். திசைக்கொரு கையாக நீண்டிருந்த அந்தச் சிலுவைத் தரையைத் திறந்தவெளி அரங்காகப் பயன்படுத்தலாம். மூடிய மண்டபத்தின் எதிரொலிக்கு ஏற்றது மேற்கத்திய இசை என்றேன். நமது கூத்தும் நாதஸ்வரமும் தவிலும் வானத்தின் கீழ் வளர்ந்தவை. காத்தவராயன் கூத்துக்குக் கூரை வேண்டியதில்லை. கிறிஸ்தவ மரபிலும் நாட்டுக்கூத்துக்குக் குறைவில்லை. நீ. மரியசேவியர் அடிகள் 1965 இல் தொடக்கிய திருமறைக் கலாமன்றம் பல்லாண்டுகளாகத் திருப்பாடுகளின் நாடகங்களை மேடையேற்றி வந்திருக்கிறது. கூரையற்ற தேவாலயத்தில் அத்தகைய ஆற்றுகை நடைபெறுவதை எந்த நம்பிக்கையாளரும் அவமதிப்பாகக் கொள்ளமாட்டார் என்றே நினைக்கிறேன். கூரை இல்லாததனால் பராமரிப்புச் செலவும் குறைவு.

ஆனால் சில நிபந்தனைகள் அவசியம். முதலாவதாக, எந்தத் திட்டமும் தமிழில் பகிரங்கப்படுத்தப்பட்டு, யாழ்ப்பாண மக்களும் அங்குள்ள திருச்சபைகளும் எஞ்சியுள்ள பறங்கியர் குடும்பங்களும் தமது கருத்தை எழுத்தில் தெரிவிக்க அவகாசம் வழங்கப்படவேண்டும். தொல்பொருள் திணைக்களம் மட்டும் தீர்மானிக்கும் விடயமல்ல இது. இரண்டாவதாக, கல்லறைக் கற்களில் மிஞ்சியவை அவ்விடத்திலேயே பேணப்பட்டு, அவற்றின் மேல் மேடை அமைவது தவிர்க்கப்பட வேண்டும். மூன்றாவதாக, 1706 இல் நடந்ததும் 1990 இல் நடந்ததும் ஒரே பலகையில், மூன்று மொழிகளிலும், ஒளிவு மறைவின்றி எழுதப்படவேண்டும். நான்காவதாக, கிராமத்துக் கூத்துக் குழுவுக்கும் பாடசாலைப் பிள்ளைகளுக்கும் அந்த இடம் கட்டணமின்றிக் கிடைக்கவேண்டும். வாடகை கொடுக்கக்கூடியவர்களுக்கு மட்டும் கதவு திறந்தால், வழிபாட்டிடம் வியாபார இடமாயிற்று என்ற பழியிலிருந்து தப்ப முடியாது.

இவையெல்லாம் நடக்குமா என்று கேட்கலாம். சிமித் சதுக்கத்தில் எரிந்த சுவர்களைக் காப்பாற்ற முன்வந்தது அரசாங்கமன்று. அக்கறை கொண்ட சிலரின் விடாமுயற்சியே. அவர்களுக்கும் ஏழெட்டு ஆண்டுகள் பிடித்தன. நமக்கு அதைவிட அதிக காலம் பிடிக்கலாம். ஆனால் ஒரு வேலையை இன்றே தொடங்கலாம். அதற்கு அனுமதியும் வேண்டாம், நிதியும் வேண்டாம். 1990 க்கு முன்னர் அந்தத் தேவாலயத்தைக் கண்ணால் கண்டவர்களில் இளையவர்களுக்கே இப்போது நாற்பது வயதுக்கு மேலாகிவிட்டது. அவர்களிற் பலர் ரொறன்ரோவிலும் பரிசிலும் மெல்பேணிலும் இருக்கிறார்கள். பழைய குடும்பப் படங்களின் பின்னணியில் அந்தக் கதவோ தூணோ யன்னலோ தெரியக்கூடும். அவற்றைத் தேடி எடுத்து, எந்த ஆண்டு எடுக்கப்பட்டது என்று பின்புறம் எழுதி, ஒரு பிரதியை யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக்கோ பொது நூலகத்துக்கோ அனுப்பி வையுங்கள். நாளை அந்த இடத்தைப் பற்றி யார் தீர்மானிக்க அமர்ந்தாலும், அங்கே என்ன இருந்தது என்பதைச் சொல்ல நம்மிடம் சாட்சியம் இருக்கவேண்டும்.